முதுகுல பேக் போட்டு மூணு நாள் நடை, ஹந்தானையில இருந்து தவலந்தென்ன வரைக்கும் போலாமா?

பீலிக்கரை (கொட்டகலை):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சிட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன், கொட்டகலை, வட்டவளை பக்கத்து ஆளுங்க 11 பேர் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை சேந்து நடக்குறோம், ரெண்டு வருஷமாச்சு. அதுல 4 பேர் பொம்பளைங்க, நானும் ஒருத்தி, ஸ்கூல்ல படிச்சுக் குடுக்குறேன். விடியக்காலையில கிளம்பி பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவோம், இதுவரைக்கும் ஒரு ராத்திரி கூட வெளிய தங்கினதில்ல.

போன ஆகஸ்ட்ல ஹப்புத்தளைக்கு போயி தம்பேதன்ன தோட்டம் வழியா லிப்டன் சீட் ஏறினோம். இங்க எங்க பக்கம் மழை விடாம ஊத்திக்கிட்டு இருந்த நேரம், அங்க நல்ல வெயிலும் ஆளைத் தள்ளுற காத்தும். செப்டம்பர்ல நமுனுகுல, 2,036 மீட்டர். தேயிலை முடிஞ்சு காடு தொடங்குற எடத்துல இருந்தே மூடுபனி, உச்சிக்கு போயும் ஒண்ணும் தெரியல, பிள்ளைங்க முகமெல்லாம் வாடிப்போச்சு, ஆனா இறங்குறப்போ ஒரு பத்து நிமிஷம் பனி விலகி பசறைப் பக்கம் முழுக்க வெளிச்சமா தெரிஞ்சுச்சு பாருங்க, 11 பேர்ல ஒருத்தர் கூட ஒரு வார்த்தை பேசல. அக்டோபர்ல பின்னேரமானா இடி மின்னல், அதனால விட்டுட்டோம்.

அப்புறம் நவம்பர் கடைசியில டித்வா புயல். டிசம்பர்ல நாங்க நடை போடல, ஆனா நடந்தோம். ரோடு இடிஞ்ச தோட்டங்களுக்கு வேன் போக வழியில்ல, அரிசி, பருப்பு, பால்மா, பிள்ளைங்க உடுப்புன்னு ஆளுக்கு 10, 12 கிலோ பேக்ல அடைச்சு குறுக்குப் பாதையில ரெண்டு நாள் தூக்கிக்கிட்டு போனோம். ஒரு லயத்துல, தோட்டத்து ஆளுங்க இருக்குற வரிசை வீடுங்க, பாதி வீட்டை மண்ணு மூடியிருந்துச்சு, மிச்ச பாதி வாசல்ல அடுப்பு மூட்டி ஒரு அம்மா எங்களுக்கு சாயத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க, நாங்க அப்பத்தான் குடுத்த சீனிப் பார்சலைப் பிரிச்சு அதுலயே போட்டு. வேணாம்னு சொன்னா மனசு நோகும்னு குடிச்சோம். இன்னும் அது தொண்டையில நிக்குது.

அந்த ரெண்டு நாள்லதான் எங்களுக்கு சுமையோட நடக்க முடியும்னு தெரிஞ்சுச்சு. இப்ப பொடியங்க பெப்ரவரி கடைசியில ரெண்டு ராத்திரி தங்குற மாதிரி ஒரு நடை போவோம்ங்கிறாங்க. தேயிலை மலைங்க வழியா 22 கட்டமா போற பீக்கோ ட்ரெயில்னு ஒரு நடைபாதை இருக்கு, அதுல முதல் மூணு கட்டம், ஹந்தானை – கலஹா, கலஹா – லூல்கந்துர, லூல்கந்துர – தவலந்தென்ன. சிலர் நக்கிள்ஸ் மலைக்காட்டுக்கு போவோம்ங்கிறாங்க, ஒருத்தர் கிரிகல்பொத்த மலைக்கு.

நான் கேக்குறது, முதல் தடவைக்கு எது சரி, ராத்திரி எங்க தங்குறது, தோட்டத்துக்குள்ள டென்ட் போடலாமா. வீட்டுல எப்படிச் சொல்றது, முக்கியமா பொம்பளைப் பிள்ளைங்க வீட்டுல. இன்னொண்ணு, இதுதான் எனக்கு மனசுல பெருசா கிடக்கு. வீடு போன சனம் இன்னும் முகாம்லயும் சொந்தக்காரங்க வீட்டுலயும் இருக்குறப்போ நாம பேக்கை மாட்டிக்கிட்டு அவங்க வாசல் வழியா ஊர் பாக்க போறது சரியா?

ஊவாக் காத்து (ஹாலிஎல):

டீச்சர், நமுனுகுலயில உங்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைச்சதே பெருசு, நான் அஞ்சு தடவை ஏறி ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன்.

எந்த மாசம் எந்த மலைன்னு மழையைப் பாத்து முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து, உங்க ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம்தான் அதை வாங்கும், அந்த நேரம் எங்க ஊவா காஞ்சு கிடக்கும், மாணாப்புல்லு தீ கூட பிடிக்கும். டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் வடகீழ் காத்து, அது அப்படியே மாறி பதுளைப் பக்கமும் நக்கிள்ஸோட கிழக்குச் சரிவும் நனையும். நடுவுல மார்ச் ஏப்ரல், அக்டோபர் நவம்பர் ரெண்டுலயும் காலையில பளிச்சுன்னு இருந்துட்டு பகல் ரெண்டு மணிக்கு மேல இடியோட கொட்டும். நீங்க ஆகஸ்ட்ல ஹப்புத்தளை போனது, அக்டோபரை விட்டது ரெண்டுமே சரி. பெப்ரவரி கடைசிக்கு கண்டி, ஹேவாஹெட்ட பக்கம் நல்ல தெரிவு.

நக்கிள்ஸை இப்ப விடுங்க. 1,906 மீட்டர் கொம்பனிய வரைக்கும் எல்லாம் பாதுகாக்கப்பட்ட காடு, 2010ல ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதக் காடு ரெண்டோட சேத்து உலக மரபுரிமையாவும் அறிவிச்சாங்க, உள்ள போக வனத் திணைக்களத்துல அனுமதி எடுக்கணும், வழிகாட்டி இல்லாம போயி மூடுபனியில பாதை மாறி ராத்திரி முழுக்க தேட வச்ச ஆளுங்க உண்டு. முதல் ராத்திரித் தங்கலுக்கு அந்தக் காடு வேணாம், ரெண்டு மூணு நடைக்கு அப்புறம் போங்க, மீமுரேயில இருந்து லக்கேகல மலையைப் பாக்குறப்போ காத்திருந்தது வீண் போகலைன்னு தெரியும்.

கிரிகல்பொத்த ஹோர்ட்டன் சமவெளிக்குள்ள ஒரு நாள் நடை. 2,388 மீட்டர், நாட்டுல ரெண்டாவது உயரம். பிதுருதலாகல உச்சியில ஆமி இருக்குறதால நம்ம காலால ஏறக்கூடியதுல இதுதான் பெருசு. போக 7, வர 7 கிலோமீட்டர், சேறும் சதுப்பும், காலையில கேட் திறந்த உடனே உள்ள போனாத்தான் திரும்ப முடியும். வாசல்லயே பொலித்தீனை வாங்கி வச்சுக்குவாங்க, சாப்பாட்டை டப்பாவுல கட்டுங்க. பெப்ரவரியில அங்க புல்லு மேல உறைபனி விழும், கம்பளிக் குல்லா இல்லாம போகாதீங்க. இதை மார்ச்சுக்கு வச்சுக்கங்க.

கண்டித் தம்பி:

அக்கா நான் அந்த முதல் கட்டம் மூணு தடவை நடந்திருக்கேன். ஹந்தானை டீ மியூசியத்துக்கிட்ட தொடங்கும், கண்டி டவுன்ல இருந்து கிட்டத்தான். ஏத்தம் முதல் ஒரு மணி நேரம்தான் மூச்சு வாங்கும், அப்புறம் தேயிலையும் சவுக்குமா போகும். கலஹா டவுன்ல எல்லாம் நம்ம கடைங்கதான், ரொட்டி, கட்டச்சம்பல், வடை எல்லாம் கிடைக்கும், அதனால முதல் நாளைக்கு சமையல் சாமான் தூக்க வேணாம். கடைசியில தவலந்தென்ன கண்டி – நுவரெலியா மெயின் ரோட்டுல இருக்குறதால, பூண்டுலோயா வழியா தலவாக்கலைக்கு வந்தா உங்க வீடு பக்கம். 22 கட்டத்துலயும் வீட்டுக்கு திரும்புற வழி உங்களுக்கு இவ்வளவு சுகமா அமையுறது கொஞ்சம்தான் இருக்கும்.

பழைய கணக்கப்பிள்ளை (தெல்தோட்டை):

டீச்சர் மகளுக்கு, நீங்க கடைசியா கேட்ட கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன். போங்க. கண்டிப்பா போங்க. 38 வருஷம் தோட்டத்துல வேலை செஞ்சவன் சொல்றேன், லயத்துச் சனத்துக்கு ஆளு வர்றது பாரம் இல்ல. பாத்தும் பாக்காத மாதிரி போட்டோ மட்டும் எடுத்துட்டுப் போறதுதான் பாரம். நின்னு வணக்கம் சொல்லி, எந்த டிவிஷன், மழைக்கு இங்க எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டுப் போங்க. சாமானை டவுன்ல மொத்தமா வாங்கிக்கிட்டு வராம தோட்டத்துக் கடையில வாங்குங்க, முட்டையோ ரொட்டியோ ஒரு வீட்டுல செஞ்சு தரச் சொல்லி அதுக்கு உண்டான காசைக் குடுங்க. இடிஞ்ச வீட்டை படம் பிடிக்காதீங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணும் யோசிக்க வேணாம்.

நீங்க நடக்கப் போற பாதை யாரோட பாதைன்னும் பிள்ளைங்களுக்கு சொல்லுங்க. லூல்கந்துரயிலதான் 1867ல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தேயிலை போட்டாரு, அவர் உக்காந்து மலையைப் பாக்குற கல் ஆசனம், அவர் இருந்த வீட்டுப் புகைக்கூடு எல்லாம் இன்னைக்கும் இருக்கு, எல்லாரும் அதைப் பாத்துட்டு வந்துருவாங்க. அந்த 19 ஏக்கருக்கு காட்டை வெட்டினது, தண்ணி வடிய கான் வெட்டினது, கொழுந்து எடுத்தது யாரு? 1892ல அவர் செத்தப்போ அவர் உடம்பை 24 தொழிலாளிங்க 12, 12 பேரா மாறி மாறித் தூக்கி கண்டி மகியாவ மயானம் வரைக்கும் நடந்தே கொண்டு போனதா சொல்லுவாங்க. நீங்க ஹந்தானையில இருந்து லூல்கந்துரைக்கு போற திசைக்கு அது எதிர்த்திசை, அவங்க சுமந்தது ஒரு ஆளோட உடம்பு. அந்த 24 பேர்ல ஒருத்தர் பேரும் எங்கயும் எழுதி நான் பாத்ததில்ல. 2023ல, நம்ம சனம் இங்க வந்து 200 வருஷம்னு மலையகம் 200க்காக தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, நம்ம முன்னோருங்க வந்த அதே வழியில, கடைசி நாள் நானும் கூட நடந்தேன், என் வயசுக்கு அவ்வளவுதான் முடிஞ்சுச்சு. நடக்குறதுன்னா நமக்கு பொழுதுபோக்கு மட்டும் இல்ல மகளே.

இனி வேலை விஷயம். தேயிலை மலைக்குள்ள அனுமதி இல்லாம டென்ட் போடாதீங்க. தோட்டத்து ஆபீஸுக்கு ரெண்டு கிழமை முந்தியே எத்தனை பேர், எந்தத் திகதி, யாரு பொறுப்புன்னு எழுதி ஒரு லெட்டர் குடுங்க, மேனேஜர் சம்மதிச்சா கிளப் மைதானமோ கோயில் மண்டபமோ காட்டுவாங்க, வாச்சருக்கும் தகவல் போயிரும்.

தண்ணி. தேயிலைக்கு கீழ ஓடுற ஓடையில குடிக்காதீங்க, புல்லு மருந்தும் உரமும் மழையோட அதுலதான் இறங்கும், கண்ணாடி மாதிரி இருந்தாலும் வேணாம். காட்டுல இருந்து பைப் போட்டு லயத்துக்கு வர்ற பீலித்தண்ணியை கேட்டு நிரப்பிக்கங்க, அதையும் கொதிக்க வச்சுக் குடிங்க.

குளவி பத்தி எல்லாருக்கும் சொல்லி வைங்க. கொழுந்து எடுக்குற எத்தனையோ பொம்பளைங்க உயிரு அதுல போயிருக்கு. உயரமான மரத்தையும் பாறைச் சரிவையும் ஒரு தடவை நிமிந்து பாத்துட்டு நடக்கணும், சென்ட் பூசக்கூடாது, சத்தம் போடக்கூடாது, கல்லு எறியக்கூடாது. கலைஞ்சு வந்துட்டா முகத்தையும் கழுத்தையும் மூடிக்கிட்டு ஓடுறதுதான் வழி, நின்னு கையை வீசினா இன்னும் மொய்க்கும். கடுமையா கொட்டினா 1990க்கு அடிங்க, ஆம்புலன்ஸ் வர்ற ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போக ஆளு இருக்கணும், அதனால கூட்டம் பிரிஞ்சு நடக்காதீங்க.

காட்டோரத்துல கம்பிக் கண்ணி இருக்கும், பன்றிக்கு வைக்கிறது. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒண்ணு அதுலதான் மாட்டிச்சு, பிழைக்க வைக்க முடியல. ஒத்தையடிப் பாதையை விட்டு விலகினா உங்க காலும் மாட்டும். சிறுத்தை தேயிலைக்குள்ள நடமாடுறதுதான், ஆளு சத்தம் கேட்டா அது ஒதுங்கிரும், இருட்டு விழுந்த பிறகும் விடியறதுக்கு முந்தியும் தனியா ஒருத்தரும் வெளிய போக வேணாம், டோர்ச் அடிச்சு ரெண்டு பேரா போங்க.

பனித்துளி (நுவரெலியா):

கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன அந்த 24 பேர் விஷயம் எனக்கு தெரியாது, ரெண்டு தடவை படிச்சேன்.

அக்கா, டென்ட் விஷயத்துல எங்களுக்கு நடந்ததை சொல்றேன். முதல் தடவை நாங்க 6 பொண்ணுங்க, ஒரு தோட்டத்து மேட்டுல யாருகிட்டயும் கேக்காம டென்ட் போட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்கு வாச்சர் ரெண்டு பேர் டோர்ச்சோட வந்து எழுப்பி இறங்கச் சொல்லிட்டாங்க, மழை தூறல், வழுக்குற பாதை, ஒருத்தி விழுந்து கணுக்கால் வீங்கிப்போச்சு. அவங்க மேல கோவிக்க ஒண்ணுமில்ல, கேக்காம போனது நாங்கதான். அதுக்கப்புறம் லெட்டர் இல்லாம எங்கயும் தங்குறதில்ல. உங்க முதல் நடைக்கு டென்டே வேணாம்னு நான் சொல்லுவேன். கலஹாவுலயும் லூல்கந்துர பக்கமும் தங்க ரூம் கேட்டு வச்சுட்டு, பேக்கை மட்டும் முழு பாரத்தோட தூக்கி நடங்க. சுமை, தூரம், மழை மூணையும் ஒரே நாள்ல பழக வேணாம். டென்ட் அடுத்த நடைக்கு.

பாரம் ஆளோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. 50 கிலோ ஆளுக்கு 10 கிலோ, தண்ணியோட சேத்து. எடை கூடின சாமான் முதுகை ஒட்டி நடுவுல வரணும், இடுப்புப் பட்டி இல்லாத ஸ்கூல் பேக் வேணாம், டிசம்பர்ல நீங்க தூக்கினது ரெண்டு நாள்னாலும் அது அவசரத்துல தூக்கினது, உடம்பு அப்ப தாங்கும், மூணாவது நாள் தோள் சொல்லும். புதுச் சப்பாத்து வாங்கினா இப்பவே போட்டு நடக்கத் தொடங்குங்க. உள்ள போடுற உடுப்பு, காலுறை ரெண்டு ஜோடி தனியா பொலித்தீன்ல கட்டி அடியில வைங்க, ராத்திரிக்கு காஞ்ச உடுப்பு இருந்தா பாதிக் குளிர் போயிரும். அட்டை ஏறாம இருக்க நெருக்கமா நெய்த துணியில முழங்கால் வரைக்கும் உறை தைச்சுக்கங்க, எங்க அம்மா தைச்சுத் தந்தாங்க, அதுக்கு மேல சவுக்காரம் தேய்ச்சா ஏறாது. கடிச்சா பிடுங்கி இழுக்காம நகத்தால வாயை நெம்பி எடுங்க, ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காம வரும், பயப்பட வேணாம். மாதவிலக்கு வந்துட்டா என்ன செய்யிறதுன்னு பொம்பளைங்க நாலு பேரும் முதல்லயே பேசி வச்சுக்கங்க, கட்டி எடுத்துட்டு வர ஒரு கறுப்புப் பை தனியா வேணும், மலையில போடக்கூடாது.

வீட்டு விஷயம். ராத்திரி வெளிய விடாத எங்க அம்மா சிவனொளிபாத மலைன்னா மட்டும் விடுவாங்க, அதுவும் ராத்திரி முழுக்க ஏறுற நடைதானே! அதனால நாங்க முதல்ல நல்லதண்ணிப் பக்கமா அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஏறினோம். சீசன் டிசம்பர் போயா, அதாவது பௌர்ணமியில இருந்து மே மாசத்து வெசாக் வரைக்கும், வழி நெடுக வெளிச்சமும் கடையும் இருக்கும். 2,243 மீட்டர் ஏறி விடியிறப்போ அந்த நிழல் முக்கோணமா மேகத்து மேல விழுறதை எங்கூட நின்னு பாத்தவங்க, கீழ இறங்கி வந்து "அடுத்து எங்க போறீங்க"ன்னு கேட்டாங்க. அம்மாங்களை ஒரு தடவை கூட நடக்க வைங்க அக்கா. சொல்லிப் புரிய வைக்கிறதை விட அது சுலபம்.

பீலிக்கரை (கொட்டகலை):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணக்கப்பிள்ளை ஐயா எழுதினதை நேத்து குழுவுல சத்தமா வாசிச்சேன், எங்க அப்பாவும் பக்கத்துல இருந்து கேட்டாரு, அவர் தேயிலைச் செடியை கவ்வாத்து வெட்டுற கவ்வாத்துக்காரர், அந்த 24 பேர் பேர் தெரியாதுங்கிற எடத்துல எழும்பி வெளிய போயிட்டாரு. அப்புறமா வந்து "பெப்ரவரியில போறீங்களா, நான் தலவாக்கலையில வந்து நிக்கிறேன்"னு சொன்னாரு.

அதனால பீக்கோ ட்ரெயில் மூணு கட்டம்தான். டென்ட் இல்ல, ரூம். மார்ச்ல கிரிகல்பொத்த. அதுக்கு முந்தி ஜனவரி கடைசி ஞாயிறு வீட்டு ஆளுங்களோட சிவனொளிபாத மலை. நக்கிள்ஸ் அடுத்த வருஷம்.

இன்னும் ஒரே ஒரு பயம், மண்சரிவு. டித்வாவுக்கு அப்புறம் சரிவுல மண்ணு இன்னும் இளகித்தான் கிடக்கு. போற அன்னைக்கு மழை பேஞ்சா போறதா நிக்கிறதான்னு எதை வச்சு முடிவு எடுக்குறது?

ஊவாக் காத்து (ஹாலிஎல):

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் போடுற எச்சரிக்கையை பாருங்க டீச்சர், மாவட்டம், பிரதேச செயலகம் வாரியா போடுவாங்க. 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் பேஞ்சா மஞ்சள், 100 தாண்டினா செம்மஞ்சள், 150 தாண்டினா சிவப்பு, அது ஆளுங்களை வெளியேத்துற கட்டம். இது வீட்டுல இருக்குறவங்களுக்கான கணக்கு, நடக்குற நமக்கு மஞ்சள் வந்தாலே நடை இல்லைன்னு வச்சுக்கங்க. இந்த வருஷம் அதை விடவும் கடுமையா இருங்க, முந்தின ரெண்டு நாள் விடாம தூறினா கூட தள்ளிப் போடுங்க, ரூம் காசு போனா போகட்டும். நடக்குறப்போ புதுசா நிலத்துல வெடிப்பு, சாஞ்ச மரம், சாஞ்ச லைட் கம்பம், தெளிவா வந்த ஊத்து திடீர்னு கலங்கி வர்றது இல்லாட்டி நின்னு போறது, இதுல ஒண்ணைப் பாத்தாலும் அந்தச் சரிவைக் கடக்காம வந்த வழியே திரும்புங்க, லயத்து ஆளுங்ககிட்டயும் உடனே சொல்லுங்க. 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்து நம்பர், எல்லார் போன்லயும் இருக்கட்டும். கட்டம் கட்டமா பாதை திறந்திருக்கா, மாத்துவழி போட்டிருக்காங்களான்னு கிளம்புற கிழமை கேட்டுக்கங்க.

பழைய கணக்கப்பிள்ளை (தெல்தோட்டை):

ரெண்டாவது நாள் கலஹாவுல இருந்து காலையில 6 மணிக்கே கிளம்பிருங்க, வெயில் ஏறினா அந்த மேடு கஷ்டம். திகதி முடிவானதும் எனக்கு மெசேஜ் போடுங்க மகளே. ரோட்டு வளைவுல நான் வந்து நிக்கிறேன், வீட்டுல 11 பேருக்கும் ரொட்டியும் கிழங்குக் கறியும் இருக்கும். பணம் தர்றோம்னு சொல்லாதீங்க, என் வீட்டுல மட்டும் அது வேணாம். அப்பாவையும் தலவாக்கலையில காத்திருக்க வைக்காம கூட்டிக்கிட்டு வாங்க, கவ்வாத்துக்காரரு கால் நடந்து பழகின கால்தான்.

பீலிக்கரை (கொட்டகலை):

கேட்டுட்டேன் ஐயா. வர்றாராம். இப்ப நாங்க 12 பேர்.